பேரேட்டிலிருந்து கணினி வரை: எமது பாடசாலைகளில் தொழிற்றிறன் கல்வி

எமது பாடசாலைகள் வேலைக்கு உதவாத படிப்பையே படிப்பிக்கின்றன என்றும், வணிகத்தையும் கணினியையும் உயர்வகுப்பு மாணவர்க்குக் கற்பித்துவிட்டால் இளைஞரின் வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்துவிடும் என்றும் கூறுவோர் இன்று பலர். அரசியல் மேடைகளிலும் கருத்தரங்குகளிலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் இக்கூற்றுத் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. கூறுவோர் யாவரும் புதிய உண்மை ஒன்றைக் கண்டறிந்தவர் போலவே பேசுகின்றனர். ஆனால் இலங்கையின் கல்வி வரலாற்றைச் சிறிதேனும் புரட்டிப் பார்ப்பவர்க்கு இது மிகப் பழைய குரல் என்பது புலனாகும். ஒரு காலத்தில் எழுதுகோலைக் காட்டியும், பின்னர் தட்டெழுத்துப் பொறியைக் காட்டியும், அதன்பின் பேரேட்டைக் காட்டியும், இடையில் ஒருமுறை உளியையும் மண்வெட்டியையும் காட்டியும் இதே வாக்குறுதி எமது மக்களுக்கு அளிக்கப்பட்டது. இன்று அது கணினியைக் காட்டி அளிக்கப்படுகின்றது.

வணிகமும் கணினியும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் எந்தத் திறன் யாருடைய பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டது, எதற்குப் பதிலாகக் கற்பிக்கப்பட்டது, அதனால் பயனடைந்தவர் யாவர் என்ற வினாக்களை எழுப்பாமல் இவ்விடயத்தைப் பேசுதல் பொருந்தாது. இவ்வினாக்களுக்கு விடை தருவது வரலாறேயாகும்.

எண்ணையும் எழுத்தையும் ஒருசேர வைத்துப் போற்றியது தமிழ் மரபு. பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகிய பின்னர் எண்சுவடியை மனனம் செய்தனர். மேல்வாய் இலக்கம், கீழ்வாய் இலக்கம், நிலத்தை அளக்கும் குழிக்கணக்கு ஆகியன அவர்க்குப் பயிற்றப்பட்டன. நெல்லை அளப்பதற்கும் நிலத்தைப் பங்கிடுவதற்கும் கடைக்கணக்கு எழுதுவதற்கும் வேண்டிய அறிவு இதுவேயாகும். இன்று கணக்கீட்டு வகுப்பில் எமது மாணவர் எழுதும் ‘ஐந்தொகை’ என்ற சொல்லும் மரபுவழி வந்த வணிகச் சொல்லே. ஆனால் இப்பள்ளிகளின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. நிலமுடையவரின் பிள்ளை நிலத்தை அளக்கக் கற்றது; அந்நிலத்தில் உழைத்தவரின் பிள்ளை தன் கூலி நெல் சரியாக அளக்கப்பட்டதா என்பதை அறியவும் வழியின்றி நின்றது. பழம்பெருமை பேசுவோர் இதனை மறந்துவிடலாகாது.

ஆங்கில ஆட்சி வேரூன்றியபோது கணக்கும் எழுத்தும் புதியதொரு பணிக்கு அழைக்கப்பட்டன. 1829இல் இலங்கைக்கு வந்த கோல்புறூக் தலைமையிலான ஆணைக்குழு, ஆட்சிச் செலவைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தது. ஐரோப்பிய உத்தியோகத்தருக்குக் கொடுக்கும் சம்பளம் பெருஞ்சுமையாக இருந்தமையால், ஆங்கிலங் கற்ற சுதேசிகளை அரசாங்க சேவையிற் சேர்க்கும்படி அது விதந்துரைத்தது. 1833இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தங்களின் பின்னணி இதுவாகும். 1836இல் கொழும்பு அக்கடமி அரசாங்கப் பாடசாலையாயிற்று. ஆங்கிலக் கல்வி இந்நாட்டில் விரிந்தமைக்கு அறிவுப் பரம்பலில் ஆட்சியாளர் கொண்டிருந்த ஆர்வத்தினும் மலிவான எழுதுவினைஞரை உருவாக்கும் தேவையே பெரிய காரணமாயிற்று. 1840களில் கோப்பித் தோட்டங்கள் பெருகியதோடு வர்த்தகக் கம்பனிகளின் கந்தோர்களிலும் இத்தேவை வளர்ந்தது.

எனினும் கல்வி என்பது அதனைக் கொடுப்போரின் நோக்கத்துக்குள் முற்றாக அடங்கிவிடும் பொருளன்று. இதற்குச் சான்றாக யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினறியைக் காட்டலாம். அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய அக்கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் வானவியலும் இயற்கை விஞ்ஞானமும் தமிழிலக்கியமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. ஊழியம் செய்ய வேண்டிய மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர் என்ற குறைபாடு எழுந்தது. 1855இல் கல்லூரி மூடப்பட்டது. ஆயின் அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்தவர். அவரே ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். கணக்குப் புத்தகத்தைத் திருத்திய கையே கலித்தொகையின் பாடபேதங்களையும் திருத்திற்று. தொழிற்றிறனும் பொதுக்கல்வியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு எமது வரலாற்றில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இரண்டும் ஒரே மாணவனுக்கு ஒருசேரக் கிடைத்தமையே அதன் மறைபொருள்.

ஆனால் பெரும்பான்மையோர்க்கு அவை ஒருசேரக் கிடைக்கவில்லை. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்த பின்னர் கல்வி இருவேறு பாதைகளில் ஓடிற்று. கட்டணம் வாங்கிய ஆங்கிலப் பாடசாலைகள் உத்தியோகத்துக்கு வழிவிட்டன. கட்டணமில்லாத சுயமொழிப் பாடசாலைகளோ வாசிப்பு, எழுத்து, எண் என்ற அளவில் நின்றன. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலங் கற்ற இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதத் திணைக்களத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயும் நிலைய அதிபராயும் பணிபுரிந்தனர். அவர்கள் அனுப்பிய பணம் கல்வீடுகளாயும் சீதனமாயும் கோயிற் கோபுரங்களாயும் மாறியது. நீர்வளம் குன்றிய அம்மண்ணில் ‘கவண்மேந்து உத்தியோகம்’ என்பது ஒரு பயிர்ச்செய்கை போலவே ஆகிவிட்டது. இதனை யாழ்ப்பாணத்தாரின் பிறவிக்குணமெனக் கூறுவோர் பொருளாதாரத்தை நோக்காது பேசுவோராவர்.

அதே யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் வாங்கில் அமர்ந்து கற்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கப்பட வேண்டும் என அரசு வற்புறுத்தியபோது சாதிமான்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். மலையகத்திலோ, 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போதனை அளிக்கும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர் தலையில் வைத்தது. கொழுந்து பறிக்கும் கை கணக்கறிவதில் தோட்ட நிருவாகத்துக்கு என்ன நயமிருக்க முடியும்? ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில ஆண்டுப் படிப்பு என்பதே அங்கு நெடுங்காலம் நிலவியது. எழுதுகோல் என்ற முதற்கருவி யார் கைக்கு எட்டியது, யார் கைக்கு எட்டவில்லை என்பதை இவை தெளிவாக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் வந்தன. ஐசக் பிற்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையும், 1870களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தட்டெழுத்துப் பொறியும் பிரித்தானியப் பேரரசெங்கும் கந்தோர்களின் உயிர்நாடியாயின. இலங்கையில் இவற்றைப் பெரும்பாலும் தனியார் வகுப்புகளே பயிற்றின. நகரங்களின் பேருந்து நிலையத்தருகே, கடைமாடியில், பழைய பொறிகள் வரிசையாக வைக்கப்பட்ட அவ்வறைகளை மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர். மத்தியதர வர்க்கத்துப் பெண்கள் ஆசிரியத் தொழிலுக்கும் தாதிச் சேவைக்கும் அப்பால் ஊதியம் பெறும் தொழிலொன்றிற் புகுந்த வாயில்களுள் இவ்வறைகளும் ஒன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறியை அமைத்துத் தந்தமை இக்காலத்தின் பெருஞ்சாதனை. கந்தோர் அனுபவமுடைய ஒருவர் தம் மொழிக்காக அப்பொறியின் உள்ளமைப்பை ஆராய்ந்து மாற்றியமைத்தார். பொறியை இயக்குவதோடு நில்லாமல் அதனை ஆளவும் எம்மவரால் இயலும் என்பதை அது காட்டிற்று.

1956இல் நிறைவேறிய அரசகரும மொழிச் சட்டம் இப்பாதையில் ஒரு பெருஞ்சுவராக எழுந்தது. ஆங்கிலத்தின் ஆதிக்கம் ஒழியவேண்டியதே. ஆயின் அதன் இடத்தில் சிங்களம் மட்டும் அமர்த்தப்பட்டது. தமிழ் எழுதுவினைஞரின் பதவி உயர்வும் புதிய நியமனமும் சிங்களத் தேர்ச்சியோடு பிணைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ஈட்டிய திறன் ஒரு சட்டத்தின் எழுத்தினால் விலை குன்றிற்று. சந்தையும் அரசும் மதிக்கும் வரையிலேயே ஒரு திறனுக்கு மதிப்புண்டு என்ற கசப்பான பாடத்தை எமது பெற்றோர் அன்று கற்றனர். பிள்ளையை வைத்தியனாகவோ பொறியியலாளனாகவோ ஆக்கவேண்டும் என்ற வெறி பின்னாளில் தமிழ்ப் பகுதிகளில் முற்றியமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

இதற்கிடையே இலவசக் கல்வி வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த கட்டணமற்ற கல்வியும், நாடெங்கும் எழுந்த மத்திய மகா வித்தியாலயங்களும் இந்நாட்டின் உழைக்கும் மக்கள் பெற்ற பெரும்பேறுகளாம். ஆனால் அவ்வறிக்கையின் ஒரு பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. ஆரம்பக் கல்வியின் முடிவில், ஏறக்குறைய 11 வயதில், மாணவரைத் தரம் பிரித்து மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்ப வேண்டும் என அது கூறிற்று. அவற்றுள் ஒன்று செய்முறைப் பாடசாலை. இலவசக் கல்வியை இருகை நீட்டி ஏற்ற மக்கள் இம்மூவகைப் பிரிவை ஏற்கவில்லை, அது நிறைவேறவுமில்லை. பதினொரு வயதுப் பிள்ளையிடம் உன் விதி கைத்தொழிலே என்று கூறினால், அப்பிள்ளை பெரும்பாலும் ஏழையின் பிள்ளையாகவே இருக்கும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே முயற்சி வேறு வடிவில் வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் விரிந்தது. கலைப் பட்டதாரிகள் பெருகினர், வேலைகள் பெருகவில்லை. 1971 ஏப்ரிலில் தென்னிலங்கையில் கற்ற கிராமப்புற இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தனர். அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் தூதுக்குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைகளுக்கும் உள்ள பொருந்தாமையைச் சுட்டிக்காட்டிற்று. 1972இன் கல்விச் சீர்திருத்தம் இந்நெருக்கடியிற் பிறந்தது. பழைய சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாக, மக்கள் என்.சி.ஜி.ஈ. என வழங்கிய சான்றிதழ்ப் பரீட்சை வந்தது. 1975இல் முதன்முறை நடந்தது. விஞ்ஞானமும் கணிதமும் எல்லா மாணவர்க்கும் கட்டாயமாயின. அவற்றோடு ‘தொழில் முன்னிலைப் பாடங்கள்’ சேர்க்கப்பட்டன. விவசாயம், மீன்பிடி, மரவேலை, நெசவு, மட்பாண்டம் என அவ்வவ்வூரின் தொழிலை ஒட்டி அவற்றைத் தெரிந்துகொள்ளலாம் என்பது திட்டம்.

இச்சீர்திருத்தத்தை முற்றாக இகழ்தல் நேர்மையாகாது. கிராமப் பாடசாலைகளுக்கும் விஞ்ஞானம் சென்றது அதன் நற்பயன். ஊரின் உற்பத்தியைப் பாடமாக்க வேண்டும் என்ற எண்ணமும் முற்போக்கானதே. ஆனால் கடலோரத்துப் பிள்ளைக்குத் தகப்பனிடம் கற்ற வலைப்பின்னலையே பாடசாலையிலும் கற்பித்தனரேயன்றி, மீனின் விலையை யார் நிர்ணயிக்கின்றார், சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் பங்கு எவ்வாறு பிரிகின்றது என்பனவற்றைப் பெரும்பாலும் கற்பிக்கவில்லை. கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதவில்லை. சமுதாயத்தில் கந்தோர்ச் சம்பளத்துக்கும் கைத்தொழிற் கூலிக்கும் இடையிலிருந்த பள்ளத்தைத் தொடாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றினர். கைவேலையை இழிவாக எண்ணும் மனப்பான்மையே தோல்விக்குக் காரணம் என்று பின்னர் பலர் எழுதினர். அம்மனப்பான்மை இருந்தது உண்மை. ஆயின் அது வானத்திலிருந்து விழுந்ததன்று. கூலிக்கணக்கைப் பார்த்தே பெற்றோர் முடிவு செய்தனர். 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின் இத்திட்டம் கைவிடப்பட்டது. பழைய பரீட்சைகள் திரும்பின.

திறந்த பொருளாதாரம் தன் தேவைகளோடு வந்தது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. தனியார் வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் பெருகின. உயர்தரத்தில் வணிகத்துறை செல்வாக்குப் பெற்றது. பொருளியல், கணக்கீடு, வணிகக் கல்வி என்ற மூன்று பாடங்களைக் கற்பிப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஆசிரியரும் கரும்பலகையும் போதும். எமது பாடசாலை வகைப்பாட்டில் விஞ்ஞானத்துறை 1ஏபி பாடசாலைகளுக்கே உரியது. அவை நாட்டின் அரசாங்கப் பாடசாலைகளுள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கேயாகும். கலை, வணிகம் ஆகிய துறைகளே 1சீ பாடசாலைகளுக்கு எட்டக்கூடியவை. ஆகவே வணிகத்துறை என்பது ஆய்வுகூடமில்லாத ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கையாயிற்று. மன்னாரிலும் மூதூரிலும் கொட்டகலையிலும் கணக்கீட்டு ஆசிரியர் ஒருவர் நிலைத்து நின்று கற்பித்தால் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் உண்டு. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அவ்வாண்டு மாணவரின் கதி என்னவென்பதை நாம் அறிவோம்.

கணினியின் வருகையை ஈண்டு நோக்குவோம். 1983இல் தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. 1984இல் அதற்கெனப் பேரவையொன்று நிறுவப்பட்டது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க போன்றோரின் உழைப்பால் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்வி வேரூன்றிற்று. ஆனால் அந்த 1983 தமிழ் மக்களின் நினைவில் வேறொரு காரணத்தால் நிலைத்துவிட்ட ஆண்டு. யூலையின் நெருப்பு வீடுகளையும் கடைகளையும் கந்தோர்களையும் எரித்தது. அதனைத் தொடர்ந்த போரில் 1990இல் யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்கலமும் மண்ணெண்ணெயும் தடையும் கட்டுப்பாடும் உள்ள பொருள்களாயின. தலைநகரின் பாடசாலைகளிற் கணினி அறைகள் திறக்கப்பட்ட ஆண்டுகளில், யாழ்ப்பாணத்து மாணவர் யாம் போத்தலில் திரியிட்ட சிக்கன விளக்கின் ஒளியில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். அக்குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீண்டும் இணைந்தது 2009இல் போர் முடிந்த பின்னரேயாகும். ஒரு தலைமுறை முழுவதும் இழந்ததை ஓர் அறையும் பத்துக் கணினிகளும் ஈடுசெய்துவிட மாட்டா.

2000களின் நடுப்பகுதியிலிருந்து பொதுத் தகவல் தொழினுட்பம் உயர்தர மாணவர்க்கான பாடமாயிற்று. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தனிப்பாடமாக வந்தது. 2013இல் தொழினுட்பத்துறை தொடங்கப்பட்டது. 2017இல் பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வி என்ற பெயரில் தொழிற்றுறையும் வந்தது. இவை யாவும் தேவையானவையே. ஆனால் 2020இல் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது உண்மை நிலை வெளிப்பட்டது. தொலைபேசிச் சைகைக்காக மலைப்பாறைகளிலும் மரங்களிலும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. குடும்பத்துக்கு ஒரேயொரு கைத்தொலைபேசி இருந்த வீட்டில் மூத்தவன் படித்தால் இளையவள் படிக்க முடியவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் நின்றது. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பின்போடப்பட்டன. கணினியும் நின்றது, எழுதுகோலும் நின்றது. கடன்பட்ட நாட்டின் கணக்கு, வகுப்பறையில் வந்து முடிந்தது.

இந்நீண்ட வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? பொதுக்கல்விக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட தொழிற்றிறனை மக்கள் ஏற்கவில்லை. பொதுக்கல்வியோடு இணைந்து கொடுக்கப்பட்ட திறனோ அதனைக் கற்பித்தவரின் நோக்கத்தையும் மீறி மக்களுக்குப் பயன்பட்டது. இன்றைய வணிகக் கல்வியும் கணினிக் கல்வியும் இவ்விரண்டில் எதுவாக இருக்கப் போகின்றன என்பதே எம்முன் உள்ள பிரச்சினை.

இன்று அநேக வகுப்பறைகளில் நடப்பது யாது? பழுதடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தினால் கணினி அறை பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. மாணவர் கடந்தகால வினாத்தாள்களைப் பார்த்து, உள்ளீட்டுச் சாதனம் எது, வெளியீட்டுச் சாதனம் எது என மனனம் செய்கின்றனர். துவித எண்களைக் கரும்பலகையில் மாற்றுகின்றனர். உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் என்னும் செய்நிரல் மொழி இருக்கின்றது. ஒரு வரியையேனும் பொறியில் இயக்கிப் பாராமலே அதனை எழுதிப் புள்ளி பெறுவோர் உளர். கணக்கீட்டு வகுப்பிலும் இத்தகைய நிலையே. கற்பனை வியாபாரி ஒருவரின் வருமானக் கூற்றை நுணுக்கமாகத் தயாரிக்கும் மாணவி, தன் தாய் மாதந்தோறும் கொண்டுவரும் சம்பளச் சிட்டையை ஒருநாளும் வகுப்பில் விரித்துப் பார்த்ததில்லை.

அச்சிட்டையை வகுப்புக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்பதே எமது துணிபு. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்குப் பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. 2021இலேயே அது தீர்மானிக்கப்பட்டது. ஆனால் அம்மாதத்தில் எத்தனை நாள் வேலை தரப்பட்டது, எத்தனை கிலோ குறைந்ததென்று அரைநாட் சம்பளம் போடப்பட்டது, எவை கழிக்கப்பட்டன என்பன சிட்டையில்தான் உள. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். தாயின் பெயரில் அப்பணம் உண்மையில் வைப்பிலிடப்பட்டதா எனக் கணக்கிட்டு அறியும் பிள்ளை, கணக்கீட்டை வாழ்நாள் முழுதும் மறவாது.

மற்றுமோர் எடுத்துக்காட்டுத் தருவோம். போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் பெண்களை வீடுதேடிச் சென்று கடன் கொடுத்தன. தென்னிலங்கைக் கிராமங்களிலும் அவ்வாறே. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் இத்தகைய கடன்களின் ஒரு பகுதியை அரசே தீர்க்க முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டது. 50,000 ரூபாவை ஓராண்டுக்கு 24 வீத வட்டியிற் கொடுப்பதாகக் கூறி, 62,000 ரூபாவை 52 வாரத் தவணைகளில் அறவிடுவதாக வைத்துக்கொள்வோம். வாரத் தவணை ஏறத்தாழ 1,192 ரூபா. வாரந்தோறும் முதலும் குறைந்து வருவதால், கடனாளியின் கையில் ஆண்டு முழுவதும் நிற்பது சராசரியாக 25,000 ரூபா அளவே. 12,000 ரூபா வட்டி அத்தொகைக்கே செலுத்தப்படுகின்றது. எனவே உண்மை வட்டி நாற்பது வீதத்தையும் தாண்டும். 52 வரிகள் கொண்ட ஓர் அட்டவணையைக் கணினியின் விரிதாளில் அமைத்தால், பத்தாம் வகுப்பு மாணவியும் இதனை ஒரு பாடவேளையிற் கண்டுகொள்வாள். வணிகமும் கணினியும் கணிதமும் தமிழும் இவ்வொரு பயிற்சியில் ஒன்றுசேரும். கடன் ஒப்பந்தத்தின் மொழியை வாசித்து விளங்குவதற்குத் தமிழ்ப் பாடமும் இங்கு வேண்டியதாகின்றது.

இவ்வாறு கற்பித்தால் மாணவர்க்கு வங்கியிலும் கம்பனியிலும் வேலை கிடையாது போய்விடுமோ என அஞ்ச வேண்டியதில்லை. கணக்கின் உட்பொருளை அறிந்தவர் பரீட்சையிலும் சிறப்பர், வேலையிலும் சிறப்பர். ஆனால் வேலை கிடைக்காத பிள்ளைக்கும் இக்கல்வி பயன்படும். பாடசாலையில் உருவாகும் திறனுக்கு ஏற்ற வேலைகளைப் பாடசாலையே உருவாக்கிவிட முடியாது. அது பொருளாதாரத்தை ஆள்வோரின் பொறுப்பு. அப்பொறுப்பைத் தட்டிக்கழித்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பையே குறைகூறும் போக்கை ஆசிரியராகிய நாம் ஏற்றுக்கொள்ளுதல் கூடாது.

இதற்குப் பெரும் நிதியும் புதிய சுற்றறிக்கையும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணினி அறையின் திறப்பு அதிபரின் மேசை இலாச்சியிலிருந்து ஆசிரியர் கைக்கு வரவேண்டும். கணக்கீட்டு ஆசிரியரும் கணினி ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளையேனும் சேர்ந்து கற்பித்தல் வேண்டும். பொறி இல்லாத பாடசாலையில் அதே அட்டவணையைக் கோடிட்ட தாளில் எழுதலாம். பொறிக்கான கோரிக்கையைப் பெற்றோரோடு சேர்ந்து கல்வி வலயத்தின் முன் வைக்கலாம். ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு 1சீ பாடசாலைகளின் ஆசிரியர் வெற்றிடங்களையும் தம் கோரிக்கைப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். வரும் தவணையில் எமது மாணவர் தாமே கொண்டுவரும் சம்பளச் சிட்டையையும் கடன் அட்டையையும் வைத்து, அவர்களின் பெயரையும் குடும்ப விவரத்தையும் மறைத்து, முதற்பாடத்தைத் தொடங்கலாம். அதன் பெறுபேறுகளை இத்தகைய ஏடுகளில் ஆசிரியர்கள் எழுதுவார்களாயின், அடுத்த பாடத்திட்டம் வகுக்கப்படும்போது எமது வகுப்பறைகளின் குரலும் அங்கு ஒலிக்கும்.